பஸ் ரிக்கெட்டின் பாரம்

ஊர்காவற்றுறை பஸ்ஸில் தந்த ரிக்கெட்டை
உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.
அவ்வளவுதான் அதன் தள்ளு.
காற்றாடியைப் போட்டால் பறந்துவிடும் பாரம்.

ஆள் இருபத்துநாலு கிலோ,
மூட்டை அரிசிக்கு ஒரு கொத்துக் குறைவு.
வயிற்றில் செனன் வாயு,
வெயிலுக்கு விரித்த இரண்டு தகடு.
ஆவணியில் வெளிக்கிட்டது
இன்னும் பூமியைத்தான் சுற்றுகிறது,
என் மேசைக்குக் கீழே புகைகிற நுளம்புத்திரியை
நடுவில் கொளுத்திவிட்ட மாதிரி,
சுற்றுக்குச் சுற்று வெளியே, வெளியே.

முன்னால் தள்ளினால் மேலே ஏறும்.
மேலே ஏற ஏற வேகம் குறையும்.
இதை முதன்முதல் படித்த அன்று
புத்தகத்தை மூடிவிட்டு
இரண்டு பிளேன்ரீ குடித்தேன்.

துலூஸ்காரர் படுக்கப் போகையில் திரை எனக்கு.
திருநெல்வேலி, கலட்டி ஒழுங்கை, மேல்மாடி.
மூன்று செய்மதி போய்ச் சேர்ந்தால்
நிலவில் இறங்குகிறவர்கள்
எங்கே நிற்கிறோம் என்று கேட்கலாம்.
பதில் சொல்ல ஆள் இருக்கும்.

அங்கே கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுமாம்,
நாளுக்கு ஐம்பத்தாறு மைக்ரோ செக்கன்.
கவனிக்காமல் ஒரு நாள் விட்டால்
யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்கிறவரைக்
காங்கேசன்துறைக்குக் கிட்ட நிற்பதாய்ச் சொல்லும்.
ஆள் அசையவே இல்லை.
பிழைத்தது நேரம்.

இடம் பிழைத்தால் என்ன ஆகும் என்பது
எனக்குப் புத்தகத்தில் வந்ததல்ல.
முகமாலையில் நாலு வருடம்
கண்ணிவெடி அகற்றுகிற இடத்தில் அளவை வேலை.
தலைக்கு மேல் செய்மதி எண்ணி
ஏழுக்குக் குறைந்தால் நடக்க மாட்டோம்.
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம் காலை வைத்து
வானத்தைப் பார்த்தபடி நிற்போம்
எட்டாவது வரட்டும் என்று.

தை ஒன்பதாம் நாள் இரவு ஒன்றரைக்கு
எங்கிருந்தோ வந்த ஒரு துகள்
அதன் நினைவில் ஒரு பூச்சியத்தை ஒன்றாக்கியது.
தன்னைப் பூட்டிக்கொண்டது. உந்தி அணைந்தது.
அதே நேரம் கலட்டியிலும் கரண்ட் போயிற்று.
(இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.
துவாரகன் உண்மையாகவே கேட்டான்,
அதனால் சொல்லிவைக்கிறேன்.)

மடிக்கணினியில் முப்பத்தெட்டு வீதம்.
கைபேசியைச் சிக்னலுக்காக
மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மேல் வைத்துவிட்டு
கணக்கை மறுபடி ஓடவிட்டேன்.
கொக்குவில் பக்கம் சாய்ந்திருந்தது நிலவு,
போக வேண்டிய இடம்,
ஒரு தென்னோலைக்குப் பின்னால்.
பதினொரு மணித்தியாலம் தள்ளாமல் விட்டதற்கு
விலை இருபத்தேழு நாள்.
நிலவு காத்து நிற்காது. அடுத்த சுற்றில்தான்.
மாசி பங்குனியாயிற்று.

சனிக்கிழமை பாசையூரில்
அருளப்பு அண்ணை பாரை வெட்டிக்கொண்டே கேட்டார்,
"உங்கட சாமான் சந்திரனுக்குப் போட்டுதோ?"
"பங்குனியிலதான் அண்ணை."
"ரிக்கெட் பாரத்தில தள்ளினா
பங்குனியிலயும் போகாது பிள்ளை."
பிறகு கத்தியைக் கழுவிவிட்டுச் சொன்னார்.
போன கிழமை நடுக்கடலில்
அவருடைய ஜிபிஎஸ் செத்துப்போச்சாம்.
"ரெண்டு மணித்தியாலம்
எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்லை.
நேவிக்குத் தெரியும்."

நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.
தலையைத் தனியாகச் சுற்றித் தந்தார்,
அதற்குக் காசு எடுக்கவில்லை.

இன்று உந்தி மறுபடி எரிகிறது.
அங்கே நீலமாய் இருக்கும், படத்தில் பார்த்ததுதான்.
இங்கே ஒரு வரி எண்.
நீண்ட நேரம் பார்த்தால்
கடைசி இலக்கம் மட்டும் மாறும்.
ஆறு, ஆறு, ஆறு,
ஏழு.